கொழுப்பெடுத்தவர் நோயா?

எமது மொழியிலே 'கொழுப்பு' என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று உடலிற் படியும் நிணம், மற்றது செருக்கு. 'அவனுக்குக் கொழுப்புக் கூடிவிட்டது' என்று ஊரிலே ஒருவர் சொன்னால் அது வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய விஷயமன்று. வயிறார உண்ண வழியற்றிருந்த மக்கள், உண்டு கொழுத்தோரின் அகந்தையைச் சுட்டுவதற்கு இதனிலும் பொருத்தமான சொல்லைத் தேடியிருக்க முடியாது. ஆயின், சொல்லிலே உறைந்து கிடக்கும் இத்தீர்ப்பு நோயைப் பற்றிய எமது சிந்தனைக்குள்ளும் நுழைந்துவிட்டது. குருதியிற் கொலஸ்ரோல் மிகுந்துவிட்டதெனின் அது இருந்து உண்பவனின் நோய், வாயடக்கம் அற்றவனுக்குக் கிடைத்த தண்டனை என்ற எண்ணம் படித்தவரிடையேயும் வேரோடியிருக்கிறது. முற்போக்காளர் எனப்படும் நாமும் இதற்கு விலக்கல்லர். பசியும் மலேரியாவும் சயரோகமும் மக்களின் நோய்கள், மாரடைப்பு பங்களாவாசிகளின் நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

அண்மையில் எமது ஆசிரிய நண்பர் ஒருவர், தாம் உண்டுவந்த கொலஸ்ரோல் மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கூறினார். அவர் மாரடைப்பு ஏற்பட்டு உயிர் தப்பியவர். காரணம் கேட்டோம். கொலஸ்ரோல் என்பதே மருந்துக் கம்பனிகள் கட்டிவிட்ட கதை என்றார். அமெரிக்கச் சீனி வியாபாரிகள் விஞ்ஞானிகளை விலைக்கு வாங்கிய செய்தி அம்பலமாகிவிட்டதே என்றார். எம் முன்னோர் தேங்காயெண்ணெய் உண்டு நெடுநாள் வாழவில்லையா என்றும் கேட்டார். கம்பனிகளின் வாக்கை எளிதில் நம்பாதே என்ற பாடத்தை எம்மோடு கூடிக் கற்ற மனிதர் அவர். அவர் கூறியவற்றிற் பாதி உண்மை. அந்தப் பாதிதான் எம்மைக் கலங்க வைத்தது. ஓரிரு வாக்கியத்தில் அவருக்கு விடை கூற எம்மால் இயலவில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

கொலஸ்ரோல் முதன்முதலில் மனிதரின் கண்ணிற் பட்டது குருதியிலன்று, பித்தக்கல்லில். 18-ம் நூற்றாண்டிலே பிரான்சிற் பித்தப்பைக் கற்களை ஆராய்ந்தோர் மெழுகு போன்ற வெண்பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். 1816-ம் ஆண்டளவில் செவ்றல் என்ற இரசாயன அறிஞர், கிரேக்க மொழியிலே பித்தம் என்றும் திண்மம் என்றும் பொருள்படும் இரு சொற்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். அதே பொருள் தடித்துப்போன நாடிகளின் சுவரிலும் படிந்திருப்பது அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெரியவந்தது. அக்காலத்து வைத்தியர்கள் நாடித் தடிப்பை முதுமையின் தேய்வென்றே கொண்டனர். நரை விழுவதுபோல நாடியும் தடிக்கும் என்பது அவர்கள் கருத்து. ஜேர்மனிய நோயியல் மேதை ருடோல்ப் விர்கோ 1856-ம் ஆண்டில் இதனை மறுத்து, நாடிச் சுவரினுள்ளே நிகழும் உயிர்ப்புள்ள நோய்ச் செயல் இது என விளக்கினார். 1848-ல் மேற் சைலீசியாவிலே தைபசுக் காய்ச்சலை ஆராய அரசாங்கம் அனுப்பியபோது, நோய்க்குக் காரணம் வறுமையும் மக்களாட்சி இன்மையுமே என்று அறிக்கை எழுதித் திரும்பி, பேர்லின் வீதிகளிலே தடுப்பரண் கட்டியவர்களோடு நின்றவரும் இதே விர்கோதான். நோயின் வேரைச் சமுதாயத்திலே தேடிய ஒருவரே இந்நோயின் விஞ்ஞானத்துக்கும் கால்கோள் இட்டார் என்பது தற்செயலாக இருக்கலாம். எமக்கு இனிக்கும் தற்செயல் அது.

1910-ல் விண்டவுஸ் என்ற ஜேர்மனிய இரசாயனர் அளந்து பார்த்தார். நோயுற்ற பெருநாடியின் தடிப்புகளிலே, நல்ல நாடியில் உள்ளதைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேற்பட்ட கொலஸ்ரோல் இருந்தது. ஆயினும், இருப்பது வேறு, காரணமாவது வேறு. தீப்பற்றிய இடத்திலெல்லாம் தீயணைப்போரைக் காண்கிறோம் என்பதற்காக அவர்களே தீ வைத்தனர் எனக் கூற முடியாதல்லவா?

இவ்வையத்தைத் தீர்த்த பெருமை ருஷ்யாவுக்குரியது. 1908-ல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இக்னதொவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சியும் முட்டையும் பாலும் ஊட்டினார். அவற்றின் நாடிகள் கெட்டன. விலங்குப் புரதமே நஞ்சு என்று அவர் முடிவு கட்டினார். பின்வந்தோர் உணவுகளை வேறுவேறாக ஊட்டிப் பார்த்தபோது கேடு விளைத்தது மஞ்சட்கரு எனக் கண்டனர். அந்நகரின் இராணுவ வைத்தியக் கலைக்கழகத்தில் அப்போது நிக்கொலாய் அனிச்கொவ் என்ற 27 வயது இளைஞர் பணியாற்றினார். அவரும் கலத்தொவ் என்ற அவருடைய சகாவும் சேர்ந்து மஞ்சட்கருவையும் விலக்கிவிட்டுத் தூய கொலஸ்ரோலை மட்டும் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்துச் சில முயல்களுக்கு ஊட்டினர். வேறு சில முயல்களுக்கு வெறும் எண்ணெயை மாத்திரம் கொடுத்தனர். எண்ணெய் மட்டும் உண்ட முயல்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மற்றவற்றின் பெருநாடியிலே மனிதரின் நாடியிற் காணப்படும் அதே மஞ்சள் நிறப் படிவு தோன்றிற்று. 1913-ல் இம்முடிவு ஜேர்மன் மொழியில் வெளியாயிற்று. இதனைவிட எளிமையும் தெளிவும் வாய்ந்த பரிசோதனைகள் வைத்திய வரலாற்றில் அதிகம் இல்லை.

ஆயின் உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. ஏன்? சதி எதுவும் அதில் இருக்கவில்லை என்பதை ஈண்டுச் சொல்லத்தான் வேண்டும். எலிக்கும் நாய்க்கும் அதே உணவை ஊட்டிப் பார்த்த பிறநாட்டார், அவற்றின் நாடிகள் கெடாதிருப்பதைக் கண்டு முகஞ் சுளித்தனர். முயல் புல் தின்னும் பிராணி, அதற்குக் கொழுப்பை ஊட்டினால் எதுவும் நேரும் என்றனர். எலியும் நாயும் உண்ட கொலஸ்ரோலை விரைவிற் பித்தமாக மாற்றிவிடுவதனால் அவற்றின் குருதியில் அது ஏறுவதில்லை. கேடு செய்வது வாய்க்குட் போனது அன்று, குருதியிலே தங்கியது. இந்த நுட்பம் பின்னரே விளங்கிற்று. இடையிலே ஒரு மகாயுத்தமும் ஒரு புரட்சியும் வந்து சென்றன. அனிச்கொவ் தம் நாட்டிலேயே தங்கி உழைத்து, 1946 முதல் 1953 வரை சோவியத் வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்து, 1964-ல் மறைந்தார்.

அமெரிக்காவில் இவ்விஷயம் மீண்டும் தலைதூக்கியது இரண்டாம் மகாயுத்தத்தின் பின்னர். கொழுப்பு நீரிற் கரையாது. குருதியோ பெரும்பாலும் நீர். ஆகவே ஈரல் கொலஸ்ரோலைப் புரதத்தோடு பொதிந்து சிறு பொட்டலங்களாகவே குருதியில் அனுப்புகிறது. கலிபோர்னியாவிலே ஜோன் கொவ்மன் என்பவர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதிவேகமாகச் சுழலும் இயந்திரத்தைக் கொண்டு இப்பொட்டலங்களை அடர்த்தியின்படி பிரித்தார். அடர்த்தி குறைந்த எல்.டி.எல். நாடிச் சுவரிலே கொழுப்பைச் சேர்ப்பது. அடர்த்தி கூடிய எச்.டி.எல். மிகுந்திருப்போருக்கு மாரடைப்புக் குறைவு. இன்று எமது குருதிப் பரிசோதனைத் தாளிற் காணும் எழுத்துகள் அந்த இயந்திரத்திலிருந்து பிறந்தவையே. மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பிறமிங்ஹம் என்ற சிறு நகரில் 1948-ல் 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, ஆண்டாண்டாக அவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றும் தொடங்கிற்று. குருதியமுக்கம், கொலஸ்ரோல், புகைத்தல் என்பன மாரடைப்பை முன்னறிவிப்பன என்பது அந்நகர மக்களின் வாழ்விலிருந்தும் சாவிலிருந்தும் கற்றுக்கொண்ட பாடம்.

இனி, எமது 'பங்களாவாசிகளின் நோய்' என்ற கருத்துக்கு வருவோம். அன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் 1958 முதல் ஏழு நாடுகளிலே 12,763 ஆண்களை ஆராயும் வேலையை ஒழுங்கு செய்தார். நாடுகளை அவர் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றி இன்றும் வாதம் உண்டு, அவ்வாதம் நியாயமற்றதன்று. எனினும் அவ்வாய்வு கண்ட ஓர் உண்மையை எவரும் மறுக்கவில்லை. மாரடைப்பினால் மிகக் கூடுதலாக இறந்தோர் நியூயோர்க்கின் கோடீசுவரர் அல்லர். பின்லாந்தின் கிழக்கெல்லையிலே, பனிக் காட்டில் மரந் தறித்தும் சிறு நிலத்திற் பசு வளர்த்தும் வாழ்ந்த உழைப்பாளிகளே அவர்கள். ஒரு கொழுத்த மனிதனையும் காணமுடியாத ஊர்களிலே, நாற்பதும் ஐம்பதும் வயதான ஆண்கள் கோடாரியைப் பிடித்தபடியே விழுந்து இறந்தனர்.

வட கரேலியா என்ற அம்மாகாணத்தின் கதை நின்று பார்க்கத் தக்கது. யுத்தத்தின் பின்னர், படையிலிருந்து மீண்டோருக்கும் நிலம் இழந்து வந்தோருக்கும் அரசு காடு வெட்டிக் குடியேறச் சிறு காணிகளை வழங்கிற்று. அக்குளிரிலே தானியத்தைவிடப் பசு வளர்ப்பது இலாபம். எனவே பாலும் வெண்ணெயும் பெருகின. பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு ரொட்டியிலே தடிப்பாகப் பூசிய வெண்ணெய் வாழ்வு மலர்ந்ததற்கு அடையாளம். அதனைக் 'கொழுப்பு' என்று எந்த நாக்குத்தான் சொல்லும்? 1971 ஜனவரியில் அம்மாகாண மக்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, எங்கள் ஆண்கள் இளமையிலே சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தனர். 1972-ல் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன் தலைமை பெக்கா புஸ்கா என்ற 27 வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. (இக்கதையிலே 27 வயதினர் இருவர் வருவது எம் மாணவ வாசகரை மகிழ்விக்கும்.)

அவ்விளைஞர் மக்களை நோக்கி 'வாயைக் கட்டுங்கள்' என்று உபதேசம் செய்து நின்றுவிடவில்லை. அவர் மாதர் சங்கங்களிடம் சென்றார். கிராமந்தோறும் கூட்டங்கள் கூட்டி, அவர்கள் வழக்கமாக உண்ணும் உணவையே கொழுப்பும் உப்பும் குறைத்து, மரக்கறி கூட்டிச் சமைத்துப் பரிமாறினர். இறைச்சிப் பண்டம் செய்வோரிடம் பேசி அவற்றின் கொழுப்பைக் குறைக்கச் செய்தனர். பாற்பண்ணைக்காரர் எதிர்த்தனர். அவர்கள் கொடுங்கோலரல்லர், தம் வயிற்றுக்காகப் போராடியவர்கள். ஆதலால், பழப் பற்றைகளும் எண்ணெய் வித்தும் பயிரிட வழிவகை தேடவேண்டியிருந்தது. புகையிலை விளம்பரத்துக்கும் பொது இடங்களிற் புகைத்தலுக்கும் எதிராகச் சட்டம் வந்தது. 1972-ல் ரொட்டிக்கு வெண்ணெய் பூசாத வீடு அங்கே அரிது. ஒரு தலைமுறை கழிந்தபோது பூசும் வீடுதான் அரிதாயிற்று. உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேலாகக் குறைந்தது. நாக்கு மாறியது உண்மைதான். ஆனால் நாக்குக்கு முன்னே கடையும் பண்ணையும் சட்டமும் மாறின.

நண்பர் சொன்ன சீனிக் கதைக்கு இப்போது வருவோம். அது பொய்யன்று. 1965-ல் அமெரிக்கச் சீனி உற்பத்தியாளரின் ஆராய்ச்சி நிறுவனம் ஹாவாட் சர்வகலாசாலையின் அறிஞர் சிலருக்கு 6,500 டொலர் கொடுத்தது. அவர்கள் எழுதிய கட்டுரை 1967-ல் புகழ் வாய்ந்த வைத்திய ஏடொன்றில் வெளியாயிற்று. சீனியின் மீதிருந்த குற்றச்சாட்டைத் தட்டிக்கழித்துக் கொழுப்பின் மீதே பழியைப் போட்ட அக்கட்டுரையில், பணம் வந்த வழி சொல்லப்படவில்லை. 2016-ல் பழைய கடிதங்களைக் கிளறிய ஆராய்ச்சியாளர்களே இதனை வெளிப்படுத்தினர். விஞ்ஞானத்தின் நெற்றியிலே விழுந்த இக்கறையை மறைக்க நாம் முயலமாட்டோம். ஆனால் இதிலிருந்து பெறத்தக்க முடிவு யாது? சீனி நிரபராதி அன்று என்பது. மிகுந்த சீனி ஈரலிற் புகுந்து, குருதியிலே மூகிளிசரைட்டு எனப்படும் இன்னொரு கொழுப்பாக ஏறுகிறது. எம் நாட்டவரிடையே மூகிளிசரைட்டு மிகுந்து எச்.டி.எல். குறைந்திருக்கும் நிலை பெரிதுங் காணப்படுகிறது. சீனியும் தீட்டிய அரிசியும் கோதுமை மாவும் இதற்குத் துணை. ஆனால், சீனி குற்றவாளி என்பதனால் எல்.டி.எல். விடுதலை பெற்றுவிடாது. அனிச்கொவின் முயல்களுக்கு எந்தக் கம்பனியும் பணம் கொடுக்கவில்லை.

தேங்காயெண்ணெய்க் கதையும் இத்தகையதே. 1980-களின் பிற்பகுதியிலே அமெரிக்கச் சோயா உற்பத்தியாளர்கள் தென்னை, பனை எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்தினர். அவர்களை உந்தியது அமெரிக்கரின் இருதயத்தின் மீதுள்ள கருணையன்று, சந்தை. அதிலும் கொடுமை யாதெனில், தேங்காயெண்ணெயை அகற்றிய இடத்திலே அவர்கள் வைத்தது ஐதரசன் ஏற்றி இறுக்கிய எண்ணெய். அதிலுள்ள மாறுகொழுப்பு எல்.டி.எல்.-ஐ உயர்த்துவதோடு எச்.டி.எல்.-ஐயும் குறைக்கிறது என்று 1990-ல் ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் காட்டினர். மாஜரினை ஆரோக்கியமென்று விற்ற நாட்கள் அவை. எம் தென்னந்தோட்டத் தொழிலாளரின் சோற்றிலே கைவைத்த அப்பிரசாரத்தை வெறுக்க எமக்கு உரிமையுண்டு. எனினும் தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு, அது எல்.டி.எல்.-ஐ உயர்த்துவது அளந்து கண்ட உண்மை. அரைமூடித் தேங்காயைச் சம்பலாக அரைத்து, கீரையும் குரக்கனும் உண்டு, பொழுதெல்லாம் மண்வெட்டி பிடித்த பாட்டனாரின் தேங்காய் வேறு. இருந்த இடத்திலே ரோல்சும் வடையும் பொரித்துத் தின்னும் பேரனின் எண்ணெய் வேறு.

உணவே எல்லாம் என்று கொள்வதும் தவறு. ஒல்லியான, கட்டுப்பாடாக உண்ணும் மனிதருக்கும், ஏன் சிறு குழந்தைகளுக்கும்கூட, மாரடைப்பு வருவதுண்டு. நோர்வேயின் கார்ல் முல்லர் என்ற வைத்தியர் 1930-களின் இறுதியில், முழங்கையிலும் குதிக்காற் தசைநாணிலும் மஞ்சட் கட்டிகள் தோன்றி இளமையிலேயே இருதயம் கெடும் குடும்பங்களை விவரித்தார். இதன் காரணத்தை ரெக்சாசிலே பணியாற்றிய பிறவுண், கோல்ட்ஸ்ரீன் என்ற இரு வைத்தியர்கள் 1970-களிற் கண்டனர். கலங்களின் மேலே எல்.டி.எல்.-ஐப் பற்றி உள்ளிழுக்கும் வாங்கிகள் உள்ளன. இக்குடும்பத்தினருக்குப் பிறப்பிலேயே அவ்வாங்கிகள் குறைவு. ஆதலாற் கொழுப்புக் குருதியிலேயே அலைந்து நாடிச் சுவரிற் புகுகிறது. இக்கண்டுபிடிப்புக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து இக்குறையைப் பெறுகின்றனர். எல்.டி.எல். 190 மில்லிகிராமுக்கு மேல் நிற்குமாயின், அல்லது குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு நேர்ந்திருக்குமாயின், பிள்ளைகளின் குருதியையும் பரிசோதிக்க வேண்டும். 'நீ என்ன தின்றாய்?' என்று அப்பிள்ளையைக் கேட்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

மருந்தின் கதையை நாம் அறிந்தபோது வியந்தோம். அது ஒரு கமக்காரன் மகனின் கதை. அக்கீரா எண்டோ 1933-ல் யப்பானின் வடபாகத்து அக்கித்தா மாகாணத்திற் கமக்காரக் குடும்பமொன்றிலே பிறந்தார். காட்டுக் காளான்களையும் பூஞ்சணங்களையும் அவருக்கு முதலிற் காட்டிக்கொடுத்தவர் பாட்டனார். 1957-ல் சங்கியோ என்ற மருந்துக் கம்பனியிலே சேர்ந்து, பழச்சாற்றைத் தெளியவைக்கும் நொதியமொன்றைப் பூஞ்சணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். 1966 முதல் ஈராண்டு நியூயோர்க்கிலே தங்கிப் படித்தபோது, மாரடைப்பு அந்நாட்டை எவ்வாறு அரித்தது என்பதை நேரிற் கண்டார். உடம்பிலுள்ள கொலஸ்ரோலிற் பெரும்பங்கு உணவிலிருந்து வருவதன்று, ஈரலே ஆக்குவது. அவ்வாக்கத்தின் வழிமுறையைக் கண்டு 1964-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான கொன்ராட் புளொக், நாசி ஜேர்மனியிலிருந்து தப்பியோடிய யூதர். அந்த வழியிலே ஒரு நொதியத்தைத் தடுத்தால் ஆக்கம் குறையும் என்பது தெரிந்திருந்தது. தடுக்கும் பொருளுக்கு எங்கே போவது? பூஞ்சணங்கள் தம் பகைவரான நுண்ணுயிர்களை அழிக்கப் பெனிசிலின் போன்றவற்றைச் சுரக்கின்றன. அவற்றுள் ஏதோ ஒன்று பகைவரின் கொலஸ்ரோல் ஆக்கத்தைத் தடுத்தும் போர் செய்யாதா என்று எண்டோ எண்ணினார்.

1971-ல் வேலை தொடங்கிற்று. ஈராண்டு காலம் அவரும் சில சகாக்களும் ஏறத்தாழ ஆறாயிரம் நுண்ணுயிர் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்துச் சோதித்தனர். இதிலே மின்னலெனப் பாய்ந்த ஞானம் எதுவும் இல்லை. ஆறாயிரம் தடவை குடுவை கழுவும் பொறுமை இருந்தது. 1973-ல், கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலே அவர் தேடிய பொருள் கிடைத்தது. ஆயின் எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ரோல் சிறிதும் குறையவில்லை. அனிச்கொவைக் காலைவாரிய அதே எலி! கம்பனி வேலையை மூடிவிட நினைத்தது. முட்டையிடும் கோழியின் உடலிற் கொலஸ்ரோல் ஆக்கம் மிகுதி என்பதை எண்டோ அறிவார். வேறொரு பரிசோதனை முடிந்து கொல்லப்படவிருந்த கோழிகளைச் சக ஊழியர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, 1976-ல் அவற்றுக்கு மருந்தைக் கொடுத்தார். கொலஸ்ரோல் இறங்கிற்று. 1978-ல் ஒசாக்காவிலே, பரம்பரைக் குறையினால் வாடிய நோயாளருக்கு வைத்தியர் ஒருவர் முதன்முதலாக அதனை வழங்கினார்.

இதற்கிடையே சங்கியோ கம்பனி அமெரிக்காவின் மேர்க் கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்து, தன் ஆய்வு விபரங்களை அதற்குக் காட்டியிருந்தது. வழி தெரிந்த மேர்க், வேறொரு பூஞ்சணத்திலிருந்து அதே இனத்துப் பொருளை விரைவிலே பிரித்துக்கொண்டது. 1980-ல், பெருமளவு மருந்து ஊட்டிய நாய்களிலே புற்றுநோய் தோன்றியதென்ற ஐயத்தால் சங்கியோ தன் மருந்தைக் கைவிட்டது. 1987-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு சந்தைக்கு வந்த முதல் ஸ்ரற்றின் மருந்து மேர்க்கினுடையது. எண்டோ 1978-லேயே கம்பனியை விட்டு விவசாயக் கல்விக்கூடமொன்றில் ஆசிரியராகிவிட்டார். 2024-ல் 90 வயதில் மறையும்வரை, ஸ்ரற்றின் விற்பனையில் ஒரு சதமேனும் அவருக்குப் பங்காகக் கிடைக்கவில்லை. அவ்வினத்து மருந்துகளில் ஒன்றான அற்றோவஸ்ரற்றினைப் பைசர் கம்பனி 2006-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,300 கோடி டொலருக்கு விற்றது.

இக்கணக்கைக் காட்டியவுடன், 'பார்த்தீர்களா!' என்பார் நண்பர். பொறுக்க வேண்டும். 1994-ல் ஸ்கந்திநேவிய நாடுகளிலே 4,444 இருதய நோயாளரை இரு கூறாக்கிச் செய்த பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. ஒரு கூற்றுக்கு மருந்து; மறு கூற்றுக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் மாத்திரை. ஐந்தாண்டுக்குச் சற்று மேலே சென்றபோது, வெறும் மாத்திரை உண்டோரில் 256 பேரும் மருந்து உண்டோரில் 182 பேரும் இறந்திருந்தனர். பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது மேர்க் கம்பனிதான். ஆனால் அந்த 74 பேரைக் கம்பனி கணக்கிலே பிறப்பித்துவிடவில்லை; அவர்கள் வீடு திரும்பிய மனிதர்கள். அதன் பின்னர் பல நாடுகளில், அரச பணத்தாலும் நடந்த ஆய்வுகளெல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையுந்தோறும் மாரடைப்பும் பாரிசவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. தீங்கு இல்லையா? உண்டு. சிலருக்குத் தசைநோவு, சிறு தொகையினருக்கு நீரிழிவு முந்திவருதல். செறிவஸ்ரற்றின் என்ற வகை தசையை உருக்கி உயிர்களைப் பலிகொண்டதால் 2001-ல் திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பு ஒருமுறை வந்தவருக்கு இக்கணக்கிலே ஐயத்துக்கு இடமில்லை. வராதவருக்கு, வயது, குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல் யாவற்றையும் சேர்த்து எடைபோட்டே மருந்து வேண்டுமா எனத் தீர்மானிக்க வேண்டும். ஒரே இலக்கத்தைக் கண்டு எல்லோரும் அஞ்சுவதும் மடமை. கம்பனி மீதுள்ள கோபத்தில் மாத்திரையை வீசுவதும் மடமை.

2020-ல் வெளியான உலகளாவிய கணிப்பொன்று, 1980-க்குப் பின் மேற்கு ஐரோப்பாவிலே கொலஸ்ரோல் இறங்கிவர, கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஏறிவந்திருப்பதைக் காட்டிற்று. 2017-ல் மட்டும் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 39 இலட்சம் என்பது அதன் மதிப்பீடு. செல்வந்த நாடுகள் ஏணியால் இறங்கிவிட்டன, நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் இறங்கிய படிகளில் உணவும் புகைத்தற் சட்டமும் மருந்தும் அடங்கும். மருந்து மக்களின் கைக்கு எட்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

இக்கேள்வியை எம் நாட்டில் எவரும் கேட்காதிருக்கவில்லை. ஸ்ரற்றின் பிறப்பதற்கு முன்னரே கேட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் இடதுசாரித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின்படி 1971-ல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது, கம்பனி இட்ட பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் வைத்தியர் எழுதுவது, வேண்டாதவற்றைக் கழித்து ஈராயிரத்துக்கு மேற்பட்ட வகைகளை அறுநூறளவாகச் சுருக்குவது என்பன அவரது கொள்கை. கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளிலிருந்து டெற்றாசைக்கிளின் குளிகை செய்து தரும்படி இங்கிருந்த பைசர் தொழிற்சாலையைக் கேட்டபோது, அது மறுத்தது. அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார். அரசாங்கம் பின்வாங்கிற்று. பிபிலே 1977-ல் கயானாவிலே காலமானார். அவர் வழிநின்று கேட்ட சட்டம் 2015-லேதான் நிறைவேறிற்று. அற்றோவஸ்ரற்றினின் ஆக்கவுரிமை அமெரிக்காவில் 2011-ல் முடிந்தபின், அதனைப் பல நாடுகள் மலிவாகச் செய்கின்றன. எமது அரச கிளினிக்குகளில் அது இலவசம்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னது வேறு. 2022-ல் நாடு கடனில் மூழ்கிய மாதங்களிலே கிளினிக்கில் மாத்திரை தீர்ந்துபோயிற்று. வெளியில் வாங்குமாறு துண்டெழுதிக் கொடுத்தனர். மருந்துக்கடையிற் கேட்ட விலைக்கு அவர் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டார். பின்னர் வாரத்துக்கு இரண்டு. அவ்வேளையிலேதான் கொலஸ்ரோல் என்பது கம்பனிக் கதை என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. எட்டாத பழம் புளித்தது. அதனை அவர் ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார்.

இப்போது அவர் மீண்டும் கிளினிக்குக்குச் செல்கிறார். அன்று விலை கொடுத்து வாங்கிய பெட்டியின் வெறுங்கூடு இன்னும் அவர் மேசையிற் கிடக்கிறது. அதனுட் சோக்குத் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தோம். பெரிய எழுத்தில், வண்ணத்திலே அச்சிட்டிருந்தது கம்பனி இட்ட பெயர். அதன் கீழே, கண்ணாடி போட்டாலன்றி வாசிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தது மருந்தின் பெயர்.